ஈமாக்ஸ் லிஸ்ப்: திருத்தியும் பழைய நிரலே ஓடினால், கம்பைல் செய்ததும் உடைந்தால்

ஈமாக்ஸ் என்ற எடிட்டருக்குள், அதன் லிஸ்ப் மொழியில் எழுதிய ஒரே ஃபங்ஷன் மூன்று உருவங்களில் ஓடலாம். மூல நிரல் இருக்கும் .இஎல் கோப்பை நேரடியாக ஏற்றினால் இன்டர்பிரட்டர் அதை ஓட்டும். பைட் கம்பைல் செய்து வைத்த .இஎல்சி இருந்தால் பைட் கோடாக (ஈமாக்ஸுக்கென்றே உள்ள இடைநிலை உருவம்) ஓடும். 2022இல் வந்த 28ஆம் பதிப்பிலிருந்து மெஷின் கோடாகவே ஆன .இஎல்என் கோப்பும் சேர்ந்துகொண்டது. மூன்றும் ஒன்றுபோலத்தான் நடக்க வேண்டும். பெரும்பாலும் நடக்கவும் செய்கின்றன. நடக்காதபோது வருகிற அறிகுறிகளும், ஒவ்வொன்றுக்கும் எங்கே கை வைப்பது என்பதும்தான் கீழே. கட்டளைப் பெயர்களையும் பிழைச்செய்திகளையும் ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் நிரலைப் படிக்க உட்காருமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை வாங்கிவிடுங்கள்: இந்த ஃபங்ஷன் எந்தக் கோப்பிலிருந்து ஏறியது, எந்த உருவத்தில் ஏறியது?

உருவம் தெரிய, கண்ட்ரோல்-எச் எஃப் அழுத்தி ஃபங்ஷன் பெயரைக் கொடுங்கள். வரும் விளக்கத்தின் முதல் வரியிலேயே இன்டர்பிரட்டட், பைட்-கம்பைல்டு, நேட்டிவ் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதே வரியில் கோப்பின் பெயரும் வரும். ஆனால் அதை அப்படியே நம்ப வேண்டாம். படிப்பவர் வசதிக்காக அது .இஎல் என்றே காட்டும், ஏறியது .இஎல்சியாக இருக்கலாம். உண்மையில் ஏறியது எது என்று தெரிய சிம்பல்-ஃபைல் என்ற ஃபங்ஷனைக் கேளுங்கள், முழுப் பாதையோடு சொல்லும். லொகேட்-லைப்ரரி என்ற கட்டளை வேறு: இனிமேல் ஏற்றினால் எது ஏறும் என்பதைத்தான் அது சொல்லும். சிம்பல்-ஃபைல் ஒன்றையும் லொகேட்-லைப்ரரி வேறொன்றையும் சொன்னால், பாதி வேலை அங்கேயே முடிந்தது.

அறிகுறி: கோப்பைத் திருத்திச் சேமித்தேன், ஈமாக்ஸ் பழையபடியே நடக்கிறது

முதல் சந்தேகம் பழைய .இஎல்சி மேல். பெயரை மட்டும் கொடுத்து ஏற்றச் சொன்னால் ஈமாக்ஸ் முதலில் .இஎல்சியைத் தேடும், அப்புறம்தான் .இஎல். எது புதியது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் பார்த்துவிட்டு ஒரு வரி மட்டும் சொல்லிவிட்டுப் போகும்: சோர்ஸ் ஃபைல் நியூவர் தேன் பைட்-கம்பைல்டு ஃபைல், யூசிங் ஓல்டர் ஃபைல். மூலம் புதிது, இருந்தாலும் பழையதையே எடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். திரையின் அடியில் அந்த வரி நொடியில் மறைந்துவிடும். செய்திகள் எல்லாம் பதிவாகும் மெசேஜஸ் பஃபரில் போய்த் தேடினால் கிடைக்கும்.

தீர்வு எளிது. லோட்-ப்ரிஃபர்-நியூவர் என்ற வேரியபிளை டி (ஆம் என்று அர்த்தம்) என்று வையுங்கள், அதையும் ஈமாக்ஸ் தொடங்கும்போது முதலில் படிக்கும் ஏர்லி-இனிட் கோப்பிலேயே வையுங்கள். உங்கள் அமைப்புகள் இருக்கும் இனிட் கோப்பின் கடைசியில் வைத்தால் அதற்குள் பாதி லைப்ரரிகள் ஏறி முடிந்திருக்கும். இந்த வசதி கோப்பின் நேர முத்திரையை மட்டுமே பார்க்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய நேரத்தை அப்படியே காப்பாற்றிக்கொண்டு பிரதி எடுக்கும் கருவி (ஹைஃபன் ஏ கொடுத்தால் ஆர்சிங்க் அப்படி எடுக்கும், ஜிப்பைப் பிரிப்பதும் அப்படித்தான்) கொண்டுவந்து வைத்த புதிய .இஎல், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் .இஎல்சியைவிட "பழையதாக" தெரியும். அப்போது .இஎல்சியை அழித்துவிடுவதே சுருக்கமான வழி. அழித்தால் எதுவும் நஷ்டமில்லை, மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம். .இஎல்என் விஷயத்தில் இந்தக் கவலை குறைவு. மூலக் கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிட்ட ஓர் எண்சரம் அதன் பெயரிலேயே இருப்பதால், மூலம் மாறினால் பழைய .இஎல்என் பொருந்தாது.

.இஎல்சி சரியாக இருந்தும் மாற்றம் தெரியவில்லையா? ஒரு லைப்ரரியைக் கேட்டு ஏற்றும் ரிக்வயரைப் பாருங்கள். ஒரு ஃபீச்சர் (லைப்ரரி தன்னை அறிவிக்கும் பெயர்) ஏற்கெனவே ஏறியிருந்தால் ரிக்வயர் எதுவும் செய்யாமல் திரும்பிவிடும், கோப்பைத் திறந்துகூடப் பார்க்காது. திருத்திய பின் மறுபடி ஏற்ற லோட்-லைப்ரரி அல்லது லோட்-ஃபைல் வேண்டும்.

அதைச் செய்தும் ஒரு வேரியபிள் மட்டும் பழைய மதிப்போடு நிற்கிறது என்றால், அது டெஃப்வார் கொண்டு அறிவித்ததாக இருக்கும். வேரியபிளுக்கு ஏற்கெனவே மதிப்பு இருந்தால் டெஃப்வார் அதைத் தொடாது. பயனர் இனிட் கோப்பில் வைத்த மதிப்பை லைப்ரரி ஏறும்போது அழித்துவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்தது. பயனர் மாற்றக்கூடிய அமைப்புகளை அறிவிக்கும் டெஃப்கஸ்டமும் அதே வழிதான். கர்சரை அந்த டெஃப்வாருக்குள் வைத்து கண்ட்ரோல்-மெட்டா-எக்ஸ் அழுத்துங்கள். அந்தக் கட்டளை மதிப்பை வலுக்கட்டாயமாகப் புதுப்பிக்கும்.

ஹுக்கில் (குறித்த நேரத்தில் ஓட வேண்டிய ஃபங்ஷன்களின் பட்டியல்) பெயரில்லாத ஃபங்ஷனான லாம்டாவைச் சேர்த்திருந்தால் கதை இன்னும் வேடிக்கை. திருத்திவிட்டு மறுபடி ஏற்றும்போது பழைய லாம்டாவும் புதிய லாம்டாவும் இரண்டு வெவ்வேறு பொருள்கள், ஆகவே இரண்டும் ஹுக்கில் இருக்கும், இரண்டும் ஓடும். ஹுக்கில் எப்போதும் பெயருள்ள ஃபங்ஷனைப் போடுங்கள்.

கடைசியாக மேக்ரோ (நிரலையே எழுதித் தரும் நிரல்), டெஃப்சப்ஸ்ட். கம்பைல் செய்யும்போதே இவற்றின் உடல் அழைத்த இடத்தில் போய்ப் பதிந்துவிடுகிறது. ஒரு கோப்பில் உள்ள மேக்ரோவைத் திருத்தினால், அதைப் பயன்படுத்தும் மற்றக் கோப்புகளின் .இஎல்சியில் பழைய விரிவு அப்படியே இருக்கும். பைட்-ரீகம்பைல்-டைரக்டரி கட்டளைக்கு இது தெரியாது: ஒவ்வொரு .இஎல்லையும் அதன் சொந்த .இஎல்சியோடு மட்டும் ஒப்பிடும், எது எதைச் சார்ந்திருக்கிறது என்று பார்க்காது. மேக்ரோவில் கை வைத்த நாளில் அந்த ஃபோல்டரின் எல்லா .இஎல்சியையும் அழித்துவிட்டு மொத்தமாகக் கம்பைல் செய்வதே நிம்மதி.

அறிகுறி: "கேனாட் ஓப்பன் லோட் ஃபைல்"

லைப்ரரிகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலான லோட்-பாத்தில் அந்த ஃபோல்டர் இல்லை. லோட்-பாத் உள் ஃபோல்டர்களுக்குள் தானாக இறங்காது. மேல் ஃபோல்டரைச் சேர்த்தால் போதும் என்று நினைப்பவர்கள்தான் இங்கே அதிகம் வருகிறார்கள். ஈமாக்ஸுக்குள் ஓடுவது பேட்ச் முறையில் (திரை இல்லாமல் கட்டளை வரியிலிருந்து) ஓடவில்லை என்றால், பேட்ச் உங்கள் இனிட் கோப்பைப் படிப்பதில்லை என்பதே காரணம். ஹைஃபன் பெரிய எல் கொடுத்து, பக்கத்தில் ஃபோல்டரையும் சொல்லுங்கள்.

அறிகுறி: கோப்பு கிடைத்தது, ஆனால் "ஃபெயில்டு டு ப்ரொவைட் ஃபீச்சர்" என்கிறது

கோப்பின் கடைசியில், ஃபீச்சர் ஏறிவிட்டது என்று அறிவிக்கும் ப்ரொவைட் இல்லை, அல்லது இருந்தும் எழுத்து மாறியிருக்கிறது. அதைச் சரிபார்த்தும் பிடிபடவில்லை என்றால், அதே பெயரில் வேறொரு கோப்பு லோட்-பாத்தில் முன்னால் நிற்கிறது. யூடில்ஸ், கன்ஃபிக் போன்ற பொதுப்பெயர் வைத்தவர்களுக்கு இது நிச்சயம் ஒருநாள் நடக்கும். லிஸ்ட்-லோட்-பாத்-ஷேடோஸ் என்ற கட்டளை எந்தக் கோப்பு எதை மறைக்கிறது என்று பட்டியலே போட்டுக் கொடுக்கும். இதற்கு அண்ணன் தம்பி போல இன்னொரு செய்தி உண்டு: ஆட்டோலோடிங் ஃபைல் ஃபெயில்டு டு டிஃபைன் ஃபங்ஷன். ஆட்டோலோடு கோப்பு (எந்த ஃபங்ஷனை அழைத்தால் எந்தக் கோப்பைத் தானாக ஏற்றுவது என்ற பட்டியல்) இன்னும் பழைய பெயரை வைத்திருக்கிறது, அல்லது ஏறியது பழைய .இஎல்சி. ஆட்டோலோடுகளை மறுபடி உண்டாக்குங்கள்.

அறிகுறி: ஈவால்-பஃபரில் ஓடுகிறது, கம்பைல் செய்ததும் "ஃபங்ஷன் டெஃபினிஷன் ஈஸ் வாய்டு" அல்லது "இன்வாலிட் ஃபங்ஷன்"

இந்த இரண்டு செய்திகளும் வேறு வேறு இடத்தைக் காட்டுகின்றன.

"வாய்டு" என்றால் ஓடும் நேரத்தில் அந்த ஃபங்ஷன் ஏறவே இல்லை. இங்கே அடிக்கடி சிக்குவது ஈவால்-வென்-கம்பைல். ஒரு லைப்ரரியின் மேக்ரோ மட்டும் போதும் என்று நினைத்து ரிக்வயரை இதற்குள் போட்டிருப்பார்கள். .இஎல்லாக ஏற்றும்போது இது சாதாரண நிரல்போலவே ஓடும், ரிக்வயரும் ஓடும், எல்லாம் நன்றாக இருக்கும். கம்பைல் செய்த கோப்பிலோ அந்த ரிக்வயர் கம்பைல் நேரத்தோடு முடிந்துவிட்டது. அந்த லைப்ரரியிலிருந்து ஒரே ஒரு சாதாரண ஃபங்ஷனை அழைத்திருந்தாலும் போதும், விழும். அதுவும் உங்கள் ஈமாக்ஸில் விழாது, ஏனென்றால் வேறு ஏதாவது பேக்கேஜ் அந்த லைப்ரரியை ஏற்கெனவே ஏற்றியிருக்கும். பயனரின் ஈமாக்ஸில்தான் விழும். ஈவால்-வென்-கம்பைலை எடுத்துவிட்டு வெறும் ரிக்வயர் போடுங்கள். மிச்சமாகும் சில மில்லி நொடிக்கு இந்தத் தலைவலி தேவையில்லை.

"இன்வாலிட் ஃபங்ஷன்" என்றால் மேக்ரோ. கம்பைல் செய்தபோது அது மேக்ரோ என்று கம்பைலருக்குத் தெரியவில்லை, சாதாரண ஃபங்ஷன் அழைப்பு என்று எழுதி வைத்துவிட்டது. ஓடும்போது போய்ப் பார்த்தால் அங்கே மேக்ரோ நிற்கிறது. காரணம் இரண்டில் ஒன்று: அதே கோப்பில் மேக்ரோவை அதைப் பயன்படுத்தும் இடத்துக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள், அல்லது மேக்ரோ இருக்கும் லைப்ரரியை ரிக்வயரால் அல்லாமல் லோட் கொண்டு ஏற்றுகிறீர்கள். கோப்பின் மேல்மட்டத்தில் உள்ள ரிக்வயரைக் கம்பைலர் கம்பைல் நேரத்திலேயே ஓட்டும். லோடை ஓட்டாது, அது ஓடும் நேரத்துக்கு என்று விட்டுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் "கோப்பை ஏற்று" என்று ஒன்றுபோலத் தெரிந்தாலும், லைப்ரரிகளுக்கு ரிக்வயர்தான்.

மேக்ரோ விரியும்போது அது அழைக்கும் உதவி ஃபங்ஷன் இன்னொரு வகை. அது அதே கோப்பில் இருந்தால் கம்பைல் நேரத்தில் வரையறையே இருக்காது. அந்த உதவி ஃபங்ஷனை, கம்பைல் நேரத்திலும் ஓடும் நேரத்திலும் ஓடுகிற ஈவால்-அண்ட்-கம்பைலுக்குள் வையுங்கள்.

அறிகுறி: பேக்கேஜைப் புதுப்பித்த உடனே "இன்வாலிட் ஃபங்ஷன்"

ஆர்க் மோடு (குறிப்புகளுக்கும் பணிப்பட்டியலுக்குமான பேக்கேஜ்) பயன்படுத்துகிறவர்களுக்கு நன்றாகப் பழகிய செய்தி: இன்வாலிட் ஃபங்ஷன், ஆர்க்-ப்ரிசர்வ்-லோக்கல்-வேரியபிள்ஸ். ஆர்க்கின் ஒரு பதிப்பு ஈமாக்ஸோடு கூடவே வருகிறது. இனிட் கோப்பில் எங்கோ ஒரு வரி அதை ஏற்றிவிட்டிருக்கும். அதற்குப் பிறகு அதே ஈமாக்ஸில் புதிய ஆர்க்கை நிறுவினால், புதிய கோப்புகளைக் கம்பைல் செய்யும் நேரத்தில் நினைவகத்தில் இருப்பது பழைய ஆர்க்கின் மேக்ரோக்கள். புதிதாக வந்த மேக்ரோ அங்கே இல்லை. ஃபீச்சர் ஏற்கெனவே இருப்பதால் ரிக்வயரும் புதிய கோப்பைத் திறக்கவில்லை. மேலே சொன்ன அதே விபத்து, இந்த முறை உங்கள் நிரலில் ஒரு குற்றமும் இல்லாமல்.

ஈமாக்ஸை மூடித் திறந்தால் சரியாகாது, .இஎல்சியிலேயே தவறு பதிந்துவிட்டது. பேக்கேஜ்கள் நிறுவப்படும் எல்பா ஃபோல்டரில் இருக்கும் அந்த ஆர்க்கின் .இஎல்சிகளை அழித்துவிட்டு, ஹைஃபன் பெரிய க்யூ போட்டு இனிட் கோப்பு இல்லாத ஈமாக்ஸைத் திறந்து, பேக்கேஜ்-இனிஷியலைஸ் மட்டும் ஓட்டி, ஆர்க்கைத் தொடாமல், அங்கிருந்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். 29ஆம் பதிப்பு முதல் இதற்கென்றே பேக்கேஜ்-ரீகம்பைல் இருக்கிறது. ஆர்க் 9.6 முதல் இந்தக் கலப்பைக் கண்டுபிடித்து ஆர்க் வெர்ஷன் மிஸ்மேட்ச் என்று நேராகவே எச்சரிக்கிறது. அதைப் பார்த்தால் இதுதான் விஷயம்.

ஈமாக்ஸையே ஒரு பெரிய பதிப்பு தாண்டிப் புதுப்பித்தபின் பல பேக்கேஜ்களில் ஒரே நேரத்தில் விசித்திரமான பிழைகள் வந்தாலும் இதே குடும்பம்தான்: பழைய ஈமாக்ஸின் மேக்ரோ விரிவுகள் .இஎல்சிக்குள் உறைந்திருக்கின்றன. பேக்கேஜ்-ரீகம்பைல்-ஆல் ஓட்டுங்கள்.

அறிகுறி: பிழையே இல்லை, ஆனால் கம்பைல் செய்ததும் நடத்தை மாறுகிறது

இதுதான் இருப்பதிலேயே மோசமானது. ஒரு நிஜ உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம்.

வலைச்சேவை ஒன்றுக்குத் தரவு அனுப்ப ஒரு ஃபங்ஷன் எழுதுகிறீர்கள். தற்காலிகமாக மதிப்பு கொடுக்கும் லெட் கொண்டு யூஆர்எல்-ரிக்வெஸ்ட்-மெத்தட் என்ற வேரியபிளை போஸ்ட் (தரவு அனுப்பும் முறை) என்று வைத்து, அதற்குள்ளே யூஆர்எல்-ரெட்ரீவ்-சிங்க்ரனஸ்லியை அழைக்கிறீர்கள். கோப்பின் முதல் வரியில் லெக்சிகல்-பைண்டிங் டி இருக்கிறது. அழைக்கும் ஃபங்ஷன் ஆட்டோலோடு ஆவதால் மேலே ரிக்வயர் எதுவும் போடவில்லை. உங்கள் ஈமாக்ஸில் ஈவால் செய்து பார்த்தால் போஸ்ட் போகிறது. தனியாகக் கம்பைல் செய்து ஓட்டினால் சர்வருக்கு கெட் (தரவு கேட்கும் முறை) போகிறது. ஓடும்போது எச்சரிக்கை, பிழை, ஒன்றும் கிடையாது.

நடந்தது இது. லெட் ஒரு வேரியபிளைப் பிணைக்கும்போது, அது டைனமிக்கா லெக்சிகலா என்று தீர்மானிக்க வேண்டும். டெஃப்வார் ஓடியிருந்தால் டைனமிக், இல்லையென்றால் லெக்சிகல். டைனமிக் என்றால் உள்ளே அழைக்கும் எல்லா ஃபங்ஷன்களுக்கும் அந்த மதிப்பு தெரியும். லெக்சிகல் என்றால் அந்த லெட்டுக்குள் எழுதிய வரிகளுக்கு மட்டும். இந்த வேரியபிளின் டெஃப்வார் யூஆர்எல்-வார்ஸ் என்ற கோப்பில் இருக்கிறது. உங்கள் ஈமாக்ஸில் பேக்கேஜ் பட்டியலை ஒருமுறை இணையத்திலிருந்து புதுப்பித்திருந்தாலே அது ஏறியிருக்கும். தனியாக ஓடும் கம்பைலருக்கு அது தெரியாது. ஆகவே லெக்சிகல் என்று எழுதிவிட்டது. யூஆர்எல் லைப்ரரி தன்னுடைய டைனமிக் வேரியபிளைப் பார்க்கிறது, அதில் எதுவும் இல்லை, கெட் அனுப்புகிறது.

கம்பைலர் முழுக்க மௌனமாக இருந்தது என்று சொல்ல முடியாது. கம்பைல்-லாக் பஃபரைத் திறந்து பாருங்கள்: அன்யூஸ்டு லெக்சிகல் வேரியபிள் யூஆர்எல்-ரிக்வெஸ்ட்-மெத்தட் என்று ஒரு வரி இருக்கும். பயன்படாத வேரியபிள்தானே என்று தாண்டிப் போகிற எச்சரிக்கை. ஹைஃபனோடு இன்னொரு லைப்ரரியின் முன்னொட்டு உள்ள பெயருக்கு இந்த எச்சரிக்கை வந்தால் அதைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இன்டர்பிரட்டரும் புதிய பதிப்புகளில் உஷாராகிவிட்டது. லெட்டுக்குள் இருக்கும்போது டெஃப்வார் வந்து விழுந்தால் டிஃபைனிங் ஆஸ் டைனமிக் அன் ஆல்ரெடி லெக்சிகல் வார் என்று நிறுத்திவிடும். கம்பைல் செய்த நிரலில் இந்தக் காவல் இல்லை.

திருத்தம் ஒரு வரி. மேலே யூஆர்எல்-வார்ஸை ரிக்வயர் செய்யுங்கள். லைப்ரரியை ஏற்ற விருப்பமில்லை என்றால், மதிப்பு கொடுக்காமல் வெறும் பெயரோடு ஒரு டெஃப்வார் எழுதுங்கள். அந்தக் கோப்புக்குள் மட்டும் அதை டைனமிக்காக நடத்து என்று அர்த்தம்.

இதிலிருந்து வரும் நடைமுறை ஒன்று உண்டு. ஒரே .இஎல், கம்பைல் செய்யும் ஈமாக்ஸில் என்னென்ன ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு .இஎல்சியாக மாறலாம். எனவே வெளியிடப் போகிற எதையும் நீங்கள் நாள் முழுக்க வேலை செய்யும் ஈமாக்ஸுக்குள் கம்பைல் செய்து பார்த்து "சரி" என்று முடிவு கட்டாதீர்கள். ஹைஃபன் பெரிய க்யூ, பேட்ச், பேட்ச்-பைட்-கம்பைல், இந்த மூன்றையும் சேர்த்துத் தனிப் பிராசஸில் ஓட்டுங்கள்.

முதல் வரியில் லெக்சிகல்-பைண்டிங் இல்லாத கோப்பில் எதிர்த்திசைக் கோளாறு வரும். நிரலைச் சோதித்துப் பார்க்கும் ஸ்கிராட்ச் பஃபரில் அழகாக ஓடிய குளோஷரை (சுற்றியுள்ள வேரியபிள்களை நினைவில் வைத்திருக்கும் ஃபங்ஷன்) கோப்புக்குள் ஒட்டியதும் சிம்பல்ஸ் வேல்யூ ஆஸ் வேரியபிள் ஈஸ் வாய்டு. ஸ்கிராட்ச் பஃபர் லெக்சிகல், உங்கள் கோப்பு இல்லை. 2012இல் 24ஆம் பதிப்போடு லெக்சிகல் முறை வந்ததிலிருந்து கோப்புக்குக் கோப்பு முதல் வரியில் சொல்வதுதான் வழக்கம். 30ஆம் பதிப்பின் கம்பைலர் அந்த வரி இல்லாவிட்டால் எச்சரிக்கிறது.

அறிகுறி: நேற்றுவரை வேகமாக ஓடியது, இப்போது இழுக்கிறது

பிழை தேடும்போது ஏதோ ஒரு ஃபங்ஷன் மேல் கண்ட்ரோல்-மெட்டா-எக்ஸ் அழுத்தியிருப்பீர்கள். அந்த நொடியிலிருந்து அது இன்டர்பிரட்டட். உள் லூப்பில் உள்ள ஃபங்ஷன் என்றால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். கண்ட்ரோல்-எச் எஃப் காட்டிக்கொடுக்கும். கோப்பை மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும். வேகத்தை அளக்க பெஞ்ச்மார்க்-ரன் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதில் கொடுக்கும் துண்டும் இன்டர்பிரட்டரில்தான் ஓடும், பெஞ்ச்மார்க்-ரன்-கம்பைல்டு வேண்டும்.

இதைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். பேக்ட்ரேஸில் (பிழை வந்த வழியைக் காட்டும் பட்டியல்) பைட் கோடு குறியீடுகளாக வந்து ஒன்றும் புரியவில்லை என்றால், லோட்-லைப்ரரியில் பெயரோடு .இஎல் என்ற பின்னொட்டையும் சேர்த்துக் கொடுங்கள். மூலமே ஏறும், பேக்ட்ரேஸில் நீங்கள் எழுதிய வரிகள் தெரியும்.

நேட்டிவ் உருவம் வரவே மாட்டேன் என்கிறதா? ஓடும் நேரத்தில் தானாக நடக்கும் நேட்டிவ் கம்பைல், .இஎல்சி ஏறும்போது மட்டுமே தொடங்கும். வெறும் .இஎல்லாக வைத்திருக்கும் சொந்தக் கோப்புகள் எவ்வளவு நாள் ஆனாலும் இன்டர்பிரட்டரிலேயே கிடக்கும். ஒருமுறை பைட் கம்பைல் செய்துவிடுங்கள்.

அறிகுறி: ஒன்றும் செய்யாமலே வார்னிங்ஸ் பஃபர் எழும்பி வருகிறது

28 முதல் நேட்டிவ் கம்பைல் பின்னணியில் தனி ஈமாக்ஸ் பிராசஸாக ஓடுகிறது. அந்தப் பிராசஸில் உங்கள் பேக்கேஜ்கள் எதுவும் ஏறியிருக்காது. ஆகவே ரிக்வயர் போடாமல் அதிர்ஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்த கோப்புகள் எல்லாம் அங்கே மாட்டும்: இந்த ஃபங்ஷன் வரையறுத்ததாகத் தெரியவில்லை என்று வரிசையாக வரும். அடுத்தவர் பேக்கேஜ் என்றால் நேட்டிவ்-காம்ப்-அசிங்க்-ரிப்போர்ட்-வார்னிங்ஸ்-எரர்ஸ் என்ற வேரியபிளை சைலன்ட் என்று வையுங்கள். எச்சரிக்கைகள் பஃபரில் பதிவாகும், முகத்துக்கு நேரே வந்து நிற்காது. உங்கள் சொந்தக் கோப்பு என்றால் அடக்கி வைக்க வேண்டாம். அந்த வரிசையில் வரும் ஒவ்வொரு பெயரும் எந்த லைப்ரரியைச் சேர்ந்தது என்று பார்த்து மேலே ரிக்வயர் சேருங்கள். ஒன்றையொன்று அழைக்கும் இரண்டு கோப்புகளாக இருந்து ரிகர்சிவ் ரிக்வயர் என்று முட்டிக்கொண்டால், பொதுவானதை மூன்றாவது கோப்புக்குப் பிரியுங்கள். அதுவும் முடியாத இடத்தில் டிக்ளேர்-ஃபங்ஷன் ஒரு வரி போதும்.